தெருமுனை ஃப்ரிட்ஜ்

மிஞ்சியதை வைக்கலாம், பசித்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்று தெருக்காரர்கள் சேர்ந்து வாங்கி வைத்த ஃப்ரிட்ஜ் அது. அதில் சோறு வைத்துப் பழகிய எஸ்தர், வேலை போன பிறகு அன்றுதான் எடுக்க வந்தாள். வெறுங்கையோடு போனால் தெரிந்துவிடுமே என்று ஒரு காலி டப்பாவை, கனப்பதுபோல் இரு கையாலும் ஏந்தி வந்தாள்.

"இன்னிக்கு என்னம்மா?" என்றார் எதிரே இஸ்திரி போடுகிறவர்.

"புளிசாதம்ணே."

கதவைத் திறந்தாள். அடுக்கடுக்காக டப்பாக்கள். ஒன்றைத் தூக்கினாள், காலி. அடுத்ததும் காலி. பச்சை மூடி போட்டது பக்கத்து வீட்டு மல்லிகாவுடையது. அதுவும்தான். தன்னுடையதை ஓரமாய்ச் செருகிவிட்டுத் திரும்பினாள். பின்தெருக் கோமளா ஒரு தூக்குவாளியை இரு கையாலும் ஏந்தி மெல்ல வந்துகொண்டிருந்தாள்.

"உள்ள இடமே இல்லக்கா" என்றாள் எஸ்தர்.