எந்த எட்டு மணி

"எட்டு மணிக்குக் குடுத்தனான் எண்டுறியள். எந்த எட்டு மணி?"

கேட்டபடியே பூரணம் படலையைத் திறந்துவிட்டாள். காலில் செருப்புக்கூட இல்லை. சாப்பிட வந்த செல்வரட்ணம் கழுவிய கையைத் துடைக்காமலே சைக்கிளைத் திருப்பினார்.

"புது எட்டுத்தான். கோச்சி ஓடுற நேரம்."

"அப்ப நான் குடுத்தது பழைய எட்டு."

சண்டை வந்த பிறகு அரசாங்கம் நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியிருந்தது. காங்கேசன்துறை ரயில் ஸ்டேசனில் கிளாக்கரான செல்வரட்ணத்தின் சட்டைப்பை மணிக்கூடு அன்றைக்கே கீழ்ப்படிந்துவிட்டது. குசினிச் சுவரில் தொங்கியது மட்டும் பூரணத்தின் ஆட்சியில் இருந்தது. "சண்டை வெள்ளைக்காரனுக்கும் யப்பான்காரனுக்கும். என்ரை உலைக்கு என்னத்துக்குப் புது நேரம்?" என்று அவள் அதில் கை வைக்க விடவில்லை. ஒரு வீட்டில் இரண்டு நேரம் ஓடியும் இதுவரை ஒரு குறையும் வரவில்லை.

இன்றைக்கு வந்தது. மகள், ஏழு வயது மீனாம்பிகையின் வயிற்றுக்குள் இரண்டு கரண்டி மருந்து போயிருந்தது.

"ஒவ்வொரு நாளும் நான்தானே குடுக்கிறனான். இண்டைக்கு உங்களை ஆர் கேட்டது?"

"நீர் கிணத்தடியிலை நிண்டீர். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வாற நாள், மறந்து போவீர் எண்டுதான்…"

"இந்தப் பிள்ளையும் ஒரு வார்த்தை சொல்லேல்லையே."

"அது ஏன் சொல்லப்போகுது? சர்பத்து மாதிரி இனிக்குது. பத்துக் கரண்டி நீட்டினாலும் வாயைத் திறக்கும்."

இருத்திய இடத்தில் இராத பிள்ளை அது. போன மாதம் காலை பத்து மணிக்கே பள்ளிக்கூட மணியை அடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. "இன்ஸ்பெக்டர் வாற நாளிலை உது ஒருக்கால் வாங்கை விட்டு எழும்பினாலும், இடாப்பிலை பேரை வெட்டிப்போடுவன்" என்று தலைமை ஆசிரியை கனகாம்பிகை சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி அப்போதிக்கரி துடினத்தை அமத்துகிற மருந்தொன்று கலந்து கொடுத்தார். காலை எட்டுக்கு ஒரு கரண்டி, மத்தியானம் பன்னிரண்டுக்கு ஒரு கரண்டி. "ஒரு நாளிலை மூண்டாவது போகப்படாது. போனால் பிள்ளையை எழுப்பச் சொல்லி என்னட்டை வரப்படாது" என்று விரலை நீட்டி எச்சரித்திருந்தார்.

மத்தியானக் கரண்டி கனகாம்பிகையின் பொறுப்பு. அதற்கென்று தனிப் போத்தல் ஒன்று அவருடைய மேசைக்குள் இருந்தது.

பூரணம் குசினி மணிக்கூட்டைத் திரும்பிப் பார்த்தாள். "பன்னிரண்டுக்கு இன்னும் ஒண்டேகால் மணித்தியாலம் கிடக்கு."

"அது உம்மடை பன்னிரண்டுக்கு. ரீச்சரின்ரை பன்னிரண்டுக்குக் கால் மணித்தியாலம். கெதியாய் ஏறும்."

"எங்கை ஏற?"

"பின்னாலை."

கலியாணம் முடித்த பத்து வருடத்தில் பூரணம் சைக்கிளில் ஏறியது அதுதான் முதல் தரம். ஒழுங்கை முடக்கில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்த பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே நின்றுவிட்டார்கள்.

"சனம் பாக்குது," என்றார் செல்வரட்ணம், மூச்சு வாங்க.

"பாக்கட்டும். நீங்கள் றோட்டைப் பாருங்கோ. கெதியாய் மிதியுங்கோ."

"நானென்ன கோச்சியே?"

"ஒரு கரண்டி மருந்தை ஒழுங்காய்க் குடுக்கத் தெரியாது. அதுக்குள்ளை கதை."

"நேரத்துக்குக் குடுத்தவன் நான். உம்மடை மணிக்கூட்டைப் போய்க் கேளும்."

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஒரு வளைவு இருக்கும்போது மணி அடித்தது. பன்னிரண்டு. பூரணத்தின் கை அவருடைய சட்டையை இறுக்கிப் பிடித்தது.

வாசலில் இன்ஸ்பெக்டரின் கார் நின்றது. உள்ளே நூற்றிருபது பிள்ளைகள் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதிதான் பூரணத்தைப் பயமுறுத்தியது. ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் கைகட்டி, வாய்பொத்தி இருந்தார்கள். மேசைக்கு முன்னால் கனத்த உடம்போடு இன்ஸ்பெக்டர், இடாப்பின் மேல் தலையைக் குனிந்து, எழுத்தெழுத்தாகப் படிப்பவர்போல் அசையாமல் இருந்தார். முன்வாங்கில் மீனாம்பிகையின் இடம் வெறுமையாய்க் கிடந்தது.

கனகாம்பிகை நுனிக்காலில் நடந்து வெளியே வந்தார். உதட்டில் விரல்.

"ரீச்சர், மத்தியான மருந்து…"

"மெல்லக் கதையும், பூரணம். அது குடுத்தாச்சு. பன்னிரண்டுக்கு முன்னமே குடுத்தாச்சு."

பூரணம் அப்படியே மணலில் இருந்துவிட்டாள். செல்வரட்ணம் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு முன்னுக்கு வந்தார். "காலமை நாங்கள் ரண்டு தரம் குடுத்துப்போட்டம், ரீச்சர். பிள்ளை எங்கை?"

"என்ரை அறையிலை, பாயிலை படுத்திருக்குது. வரேக்கையே தள்ளாடிக்கொண்டுதான் வந்தது. முகத்திலை தண்ணி தெளிச்சுப் பாத்தன். 'விடுங்கோ ரீச்சர்' எண்டு என்ரை கையைத் தட்டிப்போட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டுது. அந்தக் கோலத்திலை வந்த பிள்ளைக்கு இன்னொரு கரண்டி குடுக்க எனக்கென்ன விசரே?"

பூரணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதோடு சந்தேகமும் வந்தது. "அப்ப ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

கனகாம்பிகை ஜன்னல் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"காலமை வந்ததிலையிருந்து அலுமாரியைத் திற, கூரையைக் காட்டு, போன வருசத்து இடாப்பைக் கொண்டா எண்டு மனுசன் ஒரே ஓட்டம். பிள்ளைக்கு ஒரு கரண்டி எண்டால் அந்த உடம்புக்கு மூண்டு கரண்டியாவது வேணுமெண்டு, தேத்தண்ணியிலை கலந்து குடுத்திட்டன்."