அழுகிற சிரட்டை

இன்றும் மாடத்தி அழுகிற சிரட்டையைத்தான் எடுத்தாள்.

இருபத்திரண்டாவது நாள். நான் எண்ணிக்கொண்டே வருகிறேன்.

மட்டாஞ்சேரியில் தேங்காய்ச் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. சாயாக்கடை நாணுச் சேட்டன் வாரத்துக்கு ஒரு சாக்கு அனுப்பிவிடுவார். கண் உள்ள பாதியாகப் பார்த்துப் பொறுக்கி, சுண்ணாம்பால் முகம் வரைந்து, கயிறு கோத்துக் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். சிரிக்கிறது, அழுகிறது, கோபப்படுகிறது, பயப்படுகிறது என்று நான்கு வகை. அழுகிறதற்கு இரண்டு கண்ணிலிருந்தும் கோடு கோடாக நீர் இறங்கும்.

பாலவாடிக்குள் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் அன்றைக்குத் தன் மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தை எடுத்துச் சுவரில் தன் பெயருக்கான ஆணியில் மாட்ட வேண்டும். மூன்று வயசுக்கு அதை வாயால் சொல்லத் தெரியாது. மாட்டத் தெரியும்.

கடைசி ஆணி என்னுடையது. அதில் எப்போதும் சிரிக்கிற சிரட்டைதான். வீட்டில் என்ன நடந்திருந்தாலும் டீச்சருக்கு வேறு முகம் கிடையாது.

மாடத்திக்கு நான்கு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அம்மா சந்தனமாரி மிளகாய்ப் பண்டகசாலையில் காம்பு கிள்ளுகிறாள். காலையில் பிள்ளைக்குத் தலை சீவி, திட்டுத் திட்டாகப் பவுடர் போட்டு, கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடிவிடுவாள். சாயங்காலம் எங்கள் ஆயா ஓமனா பிள்ளையைப் பக்கத்து வீட்டில் சேர்ப்பாள். தாய் வந்துசேர விளக்கு வைக்கிற நேரமாகிவிடும்.

வந்த நாளிலிருந்து மாடத்தி ஒரு வார்த்தை பேசியதில்லை. கோதுமை உப்புமாவை மட்டும் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொள்வாள்.

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். யானையாக நடந்தேன். குரங்காகச் சொறிந்தேன். உப்பில் ஊறிய நெல்லிக்காய் கொடுத்தேன். தின்று முடித்து, எழுந்து போய், தன் அழுகிற சிரட்டை நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

வீட்டில் அடிக்கிறார்களோ என்று ஒருநாள் தோன்றியது. நான்தான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ என்று மற்ற நாளெல்லாம் தோன்றியது.

இன்று சூப்பர்வைசர் சரோஜம்மா வந்திருக்கிறார். ஆணி வரிசையைப் பார்த்தார். பதிவேட்டில் பிப்ரவரி 82 பக்கத்தைப் புரட்டினார். மாடத்தியின் பெயருக்கு நேரே நாள்தோறும் ‘அழுகை’ என்று என் கையெழுத்து.

ஒரு குழந்தையை இத்தனை நாள் அழவிட்டு வைத்திருப்பது பாவம், அவளை நிறுத்திவிட்டு அந்த இடத்தை வேறு குழந்தைக்குக் கொடு என்றார். அப்படியே எழுதியும் வைத்தார். கெட்ட மனசுக்காரர் இல்லை. முப்பது பேருக்குத்தான் உப்புமா வருகிறது, வாசலில் காத்திருப்பவர்கள் அதிகம்.

இங்கே இடம் போனால் மாடத்தி முன்போல மிளகாய்க் குவியலுக்குப் பக்கத்தில்தான் நாளெல்லாம் உட்கார வேண்டும். அதைச் சொன்னேன். சரி, தாயை வரச் சொல், பேசுவோம் என்றார். ஓமனாவை அனுப்பினேன்.

சந்தனமாரி வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தாள். வாசலில் நின்றவளைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கண் இரண்டும் சிவந்து, கன்னத்தில் தாரை தாரையாக நீர். ஓமனா வழியிலேயே விஷயத்தைச் சொல்லித் தொலைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது மாடத்தி துள்ளி எழுந்தாள்.

ஆணியிலிருந்து தன் சிரட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினாள். தாயின் இடுப்பில் ஏறி உட்கார்ந்து, சிரட்டையை அந்த முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, எங்களைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

“எங்க அம்மை,” என்றாள்.

சந்தனமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முந்தானையிலும் மிளகாய்தான். நீர் இன்னும் கொட்டியது.

“வத்தல் நெடி டீச்சரே, நிக்கவே மாட்டேங்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போனா மூஞ்சியக் கழுவ எங்க விடுதா? வாசல்லயே மேல ஏறிக்கிடுதா. பெறகு ரெண்டு பேருக்கும் ஒரே சிரிப்புதான்.”

இருபத்திரண்டு நாளாகப் பிள்ளை தன் சந்தோஷத்தைத்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் அழுகை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

சந்தனமாரியின் சேலையிலிருந்து கிளம்பிய நெடி முதலில் முன்வரிசையைப் பிடித்தது. ஒரு பிள்ளை தும்மியது. அதைப் பார்த்துச் சிரித்த பிள்ளையும் தும்மியது. அப்புறம் யார் சிரிக்கிறார்கள், யார் தும்முகிறார்கள் என்று தெரியவில்லை. சரோஜம்மா வரிசையாக எட்டுத் தும்மல் போட்டார். கண்ணாடியைக் கழற்றி, வழிகிற கண்ணோடு சிரித்துக்கொண்டே பேனாவைத் தேடி எடுத்து, தான் எழுதிய வரியைக் குறுக்கே அடித்தார். அடித்த இடத்தில் ஒரு சொட்டு விழுந்து மை பரவியது.

இடுப்பிலிருந்து இறங்கிய மாடத்தி தன் சிரட்டையைத் தன் ஆணியில் திரும்ப மாட்டினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

என் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அதில் மிளகாய் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

அவள் கடைசி ஆணிக்குப் போனாள். எக்கி நின்று என் சிரிக்கிற சிரட்டையைக் கழற்றிக் கூடையில் போட்டாள். கூடையைக் கிளறி, அழுகிறதில் ஒன்றைத் தேடி எடுத்து, அங்கே மாட்டினாள்.