ஆடு ஓடுது

அது நடந்த வருஷம் எழுபத்தொன்பதா எண்பதா என்பது இப்போது உறுதியாக நினைவில்லை. ஆடு கறுப்பு என்று ஒரு நினைவு, செவலை என்று இன்னொரு நினைவு. அது தினமும் விடியலில் முளைக்குச்சியை விட்டுத் தப்பி ஓடியது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

"ஆடு ஓடுது! ஏ மலரு, எந்திரிச்சுப் புடிடி!"

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குழியில் வைக்கிற வெடிகூடப் பொன்னாயியின் குரலுக்கு முன் நிற்காது. மருமகள் மலர்க்கொடி கைக்குழந்தையை மாமியார் மடியில் போட்டுவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள்.

அடுத்த வீட்டு ஆண்டாயி சாணிக் கூடையோடு நின்றுவிட்டாள். "பச்ச ஒடம்புக்காரிய இப்புடி ஓட வுடுறியே, நீயெல்லாம் ஒரு மாமியாக்காரியா?"

"எம் முட்டி செத்துப்போயி கெடக்கு. ஒங் கடலக் கொல்லையில ஆடு மேஞ்சா பரவால்லன்னு சொல்லு, அவள வூட்லயே உக்கார வச்சிடறேன்."

ஆண்டாயி கூடையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மலர்க்கொடிக்கு வேறு எதற்கும் வாசல் தாண்ட அனுமதி கிடையாது. தாயில்லாதவள் என்பதால் பிரசவமும் இந்த வீட்டிலேயே ஆனது. வயிற்றில் இறுகச் சுற்றிய பழஞ்சேலை, வேளைக்கு வேளை பூண்டுக் குழம்பு, மூன்று மாதத்துக்குத் தெருப்பக்கம் போகக் கூடாது என்ற கட்டளை.

நிறைமாதத்தில் இதே ஆட்டைக் கையில் கொடுத்து, "படுத்தே கெடந்தா புள்ள தல திரும்பாது, ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வா" என்று விரட்டியவள்தான் பொன்னாயி. நடக்கச் சொன்ன அந்த வாய்தான் இப்போது உட்காரச் சொன்னது. இரண்டையும் மலர்க்கொடி மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டாள்.

பள்ளியில் படிக்கும்போது நானூறு மீட்டர் ஓட்டத்துக்காகத் திருச்சி வரை போய்வந்த கால்கள் அவளுடையவை. பிள்ளை உண்டாகியிருப்பது தெரியும் முன்பே பெண் போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஓட்டத் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது குழந்தைக்கு நாற்பது நாள். அதை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாள்.

ஒரு பெண் சும்மா ஓடினால் ஊரே நின்று பார்க்கும். ஆட்டைத் துரத்தி ஓடினால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே எல்லாரும் எழும் முன் கயிற்றை அவிழ்த்துவிட்டு, சத்தமில்லாமல் வந்து மறுபடி படுத்துக்கொண்டவள் மலர்க்கொடியேதான்.

முதல் வாரம் வேப்பமரத்தைத் தாண்ட மூச்சு இடம்கொடுக்கவில்லை. அடிவயிறு கழன்று விழுவதுபோல இருந்தது. பால் கட்டிய மார்பு எட்டுக்கு எட்டு வலித்தது. மூன்றாம் வாரம் ஏரிக்கரையைத் தொட்டாள். பிறகு ஆட்டையே முந்தினாள்.

ஆட்டு வியாபாரி செல்லப்பன் ஒருநாள் வந்து நின்றான். "தெனம் ஓடுற ஆட்ட வச்சுக்கிட்டு எதுக்கு ஆத்தா அவதிப்படுற? எங்கிட்ட குடுத்துரு."

"மதுரவீரனுக்கு நேந்து விட்டது. விக்கக் கூடாது."

"பொட்ட ஆட்டயா? கெடாயத்தான நேந்து விடுவாங்க!"

"எஞ் சாமி, எம் பொட்ட. ஒனக்கென்னடா வந்துச்சு?"

கதவுக்குப் பின்னால் நின்ற மலர்க்கொடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது கடிதம் அவள் கணவன் தர்மன் கையில் சிக்கியது. கல்குழியில் வேலை பார்த்துவிட்டு வந்தவனின் விரல்களில் இருந்த சுண்ணாம்பு வெள்ளை அந்தக் காகிதமெல்லாம் ஒட்டியிருந்தது.

"ஊரு ஆம்பளைங்க முன்னால ஓடிக் காட்டப் போறியா?"

"ஒரே ஒரு வாட்டி, மாமா. வேல கெடைக்கலன்னா வுட்டுடறேன்."

"தாராளமாப் போ. புள்ள இங்க இருக்கும். நீ திரும்பி வர வேணாம்."

முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பொன்னாயி தலை நிமிரவே இல்லை.

மறுநாள் தர்மன் விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்குழிக்குப் போய்விட்டான். மலர்க்கொடி எழுந்திருக்கவில்லை. குழந்தை அவள் சேலை நுனியைப் பிடித்தபடி உறங்கியது. அந்தச் சின்ன விரல்களை விலக்கிவிட்டுப் போக அவளால் ஆகாது. ஆட்டின் கழுத்துக் கயிற்று முடிச்சை அவள் இன்று தொடவில்லை. இனித் தொடப்போவதும் இல்லை.

"ஆடு ஓடுது! ஏ மலரு, எந்திரிச்சுப் புடிடி!"

அவள் திடுக்கிட்டு வெளியே வந்தாள். ஆடு உண்மையாகவே ஏரியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் கால்கள் ஓடின.

ஆட்டைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பியபோது, பேரப்பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி பொன்னாயி முளைக்குச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறு கையில் கயிறு இருந்தது.

தேர்வு நாளன்று, விடியற்காலையின் முதல் பஸ்ஸில் மலர்க்கொடி திருச்சிக்குப் போனாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பொன்னாயியும் கூடப் போனாள். வேலை கிடைத்தது. தர்மன் ஆறு மாதம் முகம்கொடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு அவள் யூனிபாரத்துக்குத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்தான். ஆண்டாயி கடலைக் கொல்லைக்கு முள்வேலி கட்டினாள். ஆட்டைக் கடைசிவரை யாரும் விற்கவுமில்லை, வெட்டவுமில்லை.

மலர்க்கொடி ஆட்டைப் பிடித்துவந்த அந்த விடியலில், கயிற்றை மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் பொன்னாயி சொன்னது இவ்வளவுதான்:

"இன்னிக்கி நீ அவுக்காம படுத்துட்ட. அதான் நான் அவுத்து வுட்டேன்."