இறகுச் சட்டை

பறவை நெருங்கினால் காற்றாலை தானாக நின்றுவிட வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு கிளிகூட அடிபடவில்லை. அங்கே பழுதுபார்க்கும் ஜெபசிங்குக்கு மனைவி மெர்லின் முதன்முறையாகச் சாப்பாடு கொண்டு போனாள். மேலே ஏறத் தயாராக நின்றவனின் சட்டை முழுக்கப் பருந்து இறகுகள் ஒட்டியிருந்தன.

“என்னங்க இது வேஷம்?”

“பறவைன்னு நெனச்சாத்தான் காத்தாடி நிக்கும், மெர்லின். மனுசனுக்காக நிறுத்த கம்பெனி ஒத்துக்காது.”

அவள் சாப்பாட்டைக் கீழே வைத்தாள். “அப்ப, உங்ககூட வேல பாத்து, போன மாசம் காத்தாடியில அடிபட்டுச் செத்துப்போன அந்தோணி அண்ணன்?”

“மழையில அவர் சட்டை நனஞ்சு, இறகெல்லாம் உதிர்ந்துட்டு.”

“நீங்க ஏற வேண்டாம்!” என்று மெர்லின் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கை நிறைய இறகுகள் பிய்ந்து வந்தன. அவன் ஏணியில் கால் வைத்தான். அவள் பதறிப்போய், அவற்றைத் திரும்ப அவன் முதுகில் ஒட்டவைக்கப் பார்த்தாள்.