நிச்சயம் கிடைக்கிற கல்லூரி

ஏழு கல்லூரிகளையும் தேர்ந்தெடுத்துவிட்டு அவள் மடிக்கணினியை அம்மா பக்கம் திருப்பினாள்.

ஏழும் அமெரிக்காவில் பேர் போனவை. நூறு பேர் கேட்டால் நாலு பேரைக்கூட உள்ளே விடாத இடங்கள். வெளிநாட்டுப் பிள்ளை, அதுவும் செலவு முழுவதையும் நீங்களே ஏற்க வேண்டும் என்று கேட்கிற பிள்ளை என்றால், அந்த நாலும் தேறாது.

பட்டியலைக் கேட்ட சித்தப்பா போனிலேயே விசில் அடித்தார். பெண்ணுக்கு ஆசை கொஞ்சநஞ்சமில்லை என்று கேலி செய்தார்.

யாருடைய பேண்ட்டுக்கோ கால் நீளம் குறைத்துக்கொண்டிருந்த அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். பல்லில் கடித்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"டீச்சர் ஒண்ணு சொன்னாங்களே, எட்டாவதா. அது எங்க?"

பள்ளியில் கல்லூரி விண்ணப்பங்களைக் கவனிக்கும் டீச்சர் தேடிப் பிடித்துத் தந்த இடம் அது. சோளக்காடுகளுக்கு நடுவே, பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாத சின்ன ஊர். ஆனால் அவளுடைய மதிப்பெண்ணுக்கு அங்கே இடமும் நிச்சயம், முழு உதவித்தொகையும் நிச்சயம். ஆசைக்கு எத்தனை வேண்டுமானாலும் போடு, கைக்காவலாக இது ஒன்று இருக்கட்டும் என்பது டீச்சரின் கட்சி. இன்று சாயங்காலத்துக்குள் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

"அது வேண்டாம்மா. போனா இந்த ஏழுல ஒண்ணு. இல்லேன்னா இங்கேயே படிச்சுக்கிறேன்."

ஒரு வாரமாக இப்படியே ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டில் எல்லோரும் அதைத் திமிர் என்று நினைப்பதாக அவளுக்குத் தோன்றியது. நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

கூடப் படிக்கிற பிள்ளைகள் எங்கே சுலபமாக இடம் கிடைக்கும் என்று இணையத்தைக் குடைந்தார்கள். அவள் அந்த வரிசையைத் தலைகீழாக்கி, எங்கே கதவு கெட்டியாகச் சாத்தியிருக்கிறதோ அதையே பார்த்துப் பார்த்துப் பொறுக்கினாள்.

ஏழும் கைவிரிக்கும். எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள். அவள் வீட்டிலேயே இருந்துவிடலாம். யாரும் யார்மீதும் பழி போட முடியாது. முக்கியமாக, அப்பா தன்மீதே போட்டுக்கொள்ள முடியாது.

அந்த எட்டாவதைக் கண்டால்தான் அவளுக்குப் பயம். அது கூப்பிட்டுவிடும். அங்கே ஒரு வானாய்வுக் கூடம் உண்டு. மாணவர்களே தொலைநோக்கியைத் திருப்பிப் பார்க்கலாம். அந்த வீடியோவை யாருக்கும் தெரியாமல் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள். போக வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. அதுதான் வம்பு.

அப்பா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. கால் ஓரளவு சரியாகிவிட்டது, பேச்சு சரியாகவில்லை. ஊராருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். 'பிரேக்கு, பிரேக்கு' என்று தெருவே அதிரக் கத்திய தொண்டையிலிருந்து இப்போது வருவது வெறும் குழறல். கேட்கிறவர்களுக்கு அது சத்தம். அவளுக்கு மட்டும் பேச்சு.

எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வது அவள்தான். சித்தப்பாவோடு போனில் வம்பளப்பதும் அவள் வழியாகத்தான். அப்பா டாக்டரைக் கன்னாபின்னாவென்று திட்டினால், பூசி மெழுகி, "நன்றி சொல்றாரு" என்று முடித்துவிடுவாள். மகள் சொல்லிக் கேட்டால் அவர் பேச்சே தனி அழகு என்று அம்மா சிரிப்பாள்.

அவள் விமானம் ஏறிவிட்டால் அந்த மனிதருக்கு வாயே இருக்காது.

அப்போது அப்பா பேசினார். வழக்கத்தைவிட நீளமாக, நல்ல கையால் நாற்காலியைத் தட்டித் தட்டிப் பேசினார்.

அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அந்த எட்டாவதையும் போடு. கிடைக்காத இடமாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருக்கிறாயே, எனக்குத் தெரியாதா? என்னைச் சாக்கு வைத்து உட்கார்ந்துவிடாதே.

"அப்பா என்ன சொல்றாரு?" என்றாள் அம்மா, இந்த இரண்டு வருடமாகக் கேட்கிற அதே குரலில்.

வெளியாட்களிடம் அவர் பேச்சை மெழுகியிருக்கிறாளே தவிர, அம்மாவிடம் அவள் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

"கண்ணு கூசுதாம். ஜன்னல் திரையை இழுத்து விடணுமாம்."

அம்மா எழுந்து போய்த் திரையை இழுத்து விட்டாள். அப்பா மகளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்பா மறுபடியும் ஏதோ சொன்னார். இந்த முறை இரண்டே வார்த்தை. பொய் சொல்கிறாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா அப்பாவைப் பார்த்து, தணிந்த குரலில் பதில் சொன்னாள்.

"தெரியுதுங்க. அவளாவே போடட்டும்னுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

முதலில் முகம் சுட்டது. பிறகு திடீரென்று வேலை போனவளைப் போல நெஞ்சு காலியானது. நிம்மதி அதற்கும் பிறகுதான் வந்தது, அழுகையையும் கூட்டிக்கொண்டு. அழுதுகொண்டே எட்டாவது கல்லூரியின் பெயரைத் தப்பாக அடித்து, அழித்துவிட்டுச் சரியாக அடித்தாள்.

"உனக்கு எப்போலேருந்தும்மா புரியுது?"

அம்மா மெஷின் ஊசியில் நூலைக் கோத்தபடியே கேட்டாள்:

"நீ ஸ்கூலுக்குப் போனா, சாயங்காலம் வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டா உக்காந்திருப்போம்?"