வேகாத பருப்பு

கல்குவாரிக் குத்தகைக்காரர் நாகராசுவின் மகள் அமராவதி, அன்னவாசல் பக்கம் கல்யாணமாகி வந்த நாளாக மாமனார் சேவுகனுக்குப் பயந்துதான் உலை வைத்தாள். அவர் தினமும் பருப்பை நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

அன்று எவ்வளவு எரித்தும் பருப்பு வேகவில்லை.

“ஒங்கப்பன்கிட்டப் போவோம், கெளம்பு” என்றார்.

பிறந்த வீட்டிலேயே விட்டுவிடப் போகிறார் என்று நினைத்து அவள் மாற்றுச் சேலையையும் எடுத்துக்கொண்டாள்.

குவாரியில் எஞ்சின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. சேவுகன் பருப்புச் சட்டியை நாகராசு முன்னால் வைத்தார்.

“வேகலை, சம்பந்தி.”

“சின்னப் புள்ளைங்க. போகப் போகப் பழகிக்கிரும்.”

“அவ சமையல்ல என்ன குத்தம்? நேத்து வரைக்கும் ஊருணித் தண்ணியில வெண்ணெயாட்டம் வெந்துச்சு. நீங்க எறைக்கிற உப்புத்தண்ணி ஊரு குடிக்கிற ஊருணிக்குள்ள போகுது. நான் தெனம் நசுக்கிப் பாத்தது பின்ன எதுக்கு?”

“ஊருணிக்குப் போகாம வாய்க்காலை அங்கிட்டுத்தான் திருப்பி விட்டிருக்கேன்.”

“நீங்க சொன்னா நான் நம்பணுமாக்கும்?”

நாகராசு ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

“வா ஆத்தா, நம்ம வீட்டுக்குப் போவோம்” என்றார் சேவுகன். “நாளைக்கும் ஒலை வையி. பருப்பு வெந்துருச்சுன்னு நீ சொல்ற வரைக்கும் ஒங்கப்பன் எஞ்சின் ஓடாது.”