விபத்து நோட்டு

அம்மா குழாயடியில் கட்டைவிரலைப் பிடித்தபடி நிற்கிறாள். ஆஸ்பத்திரிக் குப்பைப் பையைக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி கையுறையைத் துளைத்துக் குத்திவிட்டது. குத்தி முடித்த ஊசிகளைப் போடவேண்டிய மஞ்சள் பெட்டி, இன்று சோதனைக்கு வருகிறவர்களுக்காகக் காலியாக, ஜன்னல் வெயிலில் பளபளக்கிறது. அது அழுக்காகக் கூடாதென்று ஊசிகளைக் குப்பையில் போட்ட நர்ஸ் அக்காதான் இப்போது விபத்து நோட்டில் எழுதுகிறாள். தினமும் அம்மாவின் சாப்பாட்டு டப்பாவில் கைவிட்டுச் சாப்பிடுகிறவள். "நான் இருக்கேன்ல, எதுக்குக்கா பயம்? கையெழுத்து போடுங்க, மருந்து தானா வரும்." அம்மா சிரிக்கிறாள். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் தங்கச்சி." என் பக்கம் திரும்புகிறாள். "ஏ குட்டி, சும்மா படிச்சுக் காட்டு." எழுத்து உருண்டையாக, அழகாக இருக்கிறது. 'கையுறை அணியாத அலட்சியம்.' இதில் அம்மா கையெழுத்திட்டால் மருந்தும் கிடையாது, வேலையும் கிடையாது. அம்மா கழற்றிப்போட்ட கையுறை ஒழுகும் குழாய்க்கடியில் தண்ணீர் நிரம்பி, ஐந்து விரலும் விறைத்து நிற்கிறது. அதைத் தூக்கி நோட்டுக்கு மேலே பிடிக்கிறேன். கட்டைவிரல் ஓட்டையிலிருந்து நூல்போலத் தண்ணீர் இறங்கி, அந்த வரியின் மேல் விழுகிறது. அம்மா ஓட்டையைப் பார்க்கிறாள். நர்ஸ் அக்கா பதறுகிறாள். "ஐயோ, நோட்டு!"